மடுவைத் தாண்டிய நாள்

மலையைப் பார்த்துத்தான் பலருக்கும் மலை ஏறும் ஆசை வரும். எனக்கு அது காகிதத்தைப் பார்த்து வந்தது.

அப்போது குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி, வீட்டு பிளான் வரைந்து பிரின்ட் போட்டுக் கொடுக்கும் கடை ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். இரண்டாயிரங்களின் பிற்பாதி. பெருங்களத்தூரிலும் முடிச்சூரிலும் காலி மனை மிச்சமில்லாமல் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த காலம். காலை ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், ஹால், கிச்சன், இரண்டு பெட்ரூம் என்று ஒரே வீட்டையே வேறுவேறு ஆட்களுக்கு வரைந்துகொண்டிருப்பேன். உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால்தான் வீட்டில் என்னை அந்தப் படிப்புக்கே அனுப்பினார்கள். இரண்டு வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிவிட்டது. வலது காலைவிட இரண்டு அங்குலம் குட்டை. நடக்கும்போது இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்தால்தான் முட்டி மடங்காமல் நிற்கும். அடிக்கு ஓர் அழுத்தம். முப்பத்தாறு வயது வரை அப்படித்தான் நடந்திருந்தேன்.

ஒரு டிசம்பரில், மழை விட்ட வாரம், ஒரு பெண் கடைக்கு வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கலாம். கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. லீவு நாட்களில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு மலைக்குப் போகிறவர் என்று பிறகு தெரிந்தது. அவர் கையில் பழைய சர்வே வரைபடத்தின் மங்கலான நகல் இருந்தது. ஊத்துக்கோட்டையைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நாகலாபுரம் மலை. அதில் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கித் தெளிவாகத் தர முடியுமா என்று கேட்டார். பெரிதாக்கினால் கறுப்புத் திட்டாகத்தான் வரும், கையால் வரைந்துதான் தர முடியும், இரண்டு நாள் ஆகும் என்றேன். சரி என்று வைத்துவிட்டுப் போனார்.

ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்துப் போடுவதுதான் காண்டூர் கோடு. கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் சரிவு சாதாரணம், நெருங்கினால் செங்குத்து. படிப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் தாம்பரத்துத் தட்டை மனைகளுக்கு அது எதற்கு? வருஷக் கணக்கில் மறந்திருந்ததை அன்று மறுபடி வரைந்தேன். நடுவில் நீல மையில் ஓர் ஓடை. மலை உச்சிப் பக்கமிருந்து வளைந்து வளைந்து இறங்கியது. ஓர் இடத்தில் இரண்டு பக்கத்துக் கோடுகளும் ஓடையை நோக்கி நெருங்கி நெருங்கி, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, கத்தியால் கீறியது போல ஒரே கறுப்பாகிவிட்டன. அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை அழித்து வரைந்தேன். அங்கே போய் நின்றால் என்ன தெரியும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

வரைபடத்தை வாங்க வந்தபோது அந்த இடத்தைக் காட்டி, மேடம், இங்கே ஏதோ பெரிய சிக்கல் இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்றேன். அவர் சிரித்தார். இரண்டு தடவை அங்கேதான் திரும்பினோம் சார் என்றார். இரண்டு பக்கமும் சுவர் மாதிரிப் பாறை, நடுவில் ஆழமான மடு, மடுவின் முடிவில் அருவி. நீந்தி அருவி வரைக்கும் போகலாம், ஆனால் தண்ணீரிலிருந்து மேலே ஏற முடியவில்லை. கீழே கால் வைக்க இடமில்லை. மேலே பிடிக்க எட்டுகிறது, ஆனால் உடம்பைத் தூக்க முடிவதில்லை. பொங்கல் முடிந்த வாரம் மூன்றாவது தடவையாகப் போகப்போவதாகச் சொன்னார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியாது. "நானும் வரலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கண் ஒரு கணம் என் காலுக்குப் போனது. உடனே மேலே வந்துவிட்டது. அந்த ஒரு கணம் எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் மற்றவர்கள் போலப் பேச்சை மாற்றாமல், நேராகவே சொன்னார். அது பாதை இல்லாத இடம், ஓடைக்குள்ளேயே பாறை மேல் தாவித் தாவிப் போக வேண்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். முதல் குளம் வரைக்கும் வரலாம். அதற்கு மேல் கிடையாது. திரும்பி வருவதற்குத் துணையாக ஓர் ஆளையும் நானே கூட்டிவர வேண்டும்.

என் மனைவி முடியாது என்று சொல்லவில்லை. அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் ஒரு முறை மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். மறுநாள் காலை டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது, "பாய் வந்தா போயிட்டு வாங்க. தனியா வேணாம்" என்றாள்.

பாய் என்பது மேற்குத் தாம்பரத்தில் கேட், ஜன்னல் கிரில் எல்லாம் வெல்டிங் செய்து தரும் பட்டறை வைத்திருந்த என் நண்பர். என் ஸ்கூட்டருக்குப் பக்கத்துச் சக்கரம் பொருத்திக் கொடுத்ததில் ஆரம்பித்த பழக்கம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், ஆனாலும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். மலைக்குப் போகிறேன் என்றதும் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்னா மச்சான், திடீர்னு?"

சொன்னேன். வரைபடத்தைப் பற்றியும் சொன்னேன். கோடு எல்லாம் அவருக்குப் புரியவில்லை. ஆனால் போக வேண்டும் என்று எனக்கு இருந்தது புரிந்தது. என் கேன்வாஸ் ஷூவைக் கொண்டுவரச் சொன்னார். இடது ஷூவுக்கு அடியில் இரண்டு அங்குலத்துக்கு ரப்பர் ஒட்டிக் கொடுத்தார். பிறகு இரண்டு ஷூவையும் சுற்றித் தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கி வரிந்து தைத்தார். பாசி படிந்த பாறையில் ரப்பர் வழுக்கும், நார் பிடிக்கும் என்றார். மலையே ஏறாத மனிதருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். மீன் மார்க்கெட் தரை வழுக்காதா என்று திருப்பிக் கேட்டார்.

பொங்கல் கூட்டம் ஊர் திரும்பி ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை. விடிகிற நேரத்தில் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் வேன் ஏறினோம். எங்கள் இருவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். மற்றவர்கள் எல்லாரும் முப்பதைத் தொடாதவர்கள். பாய் ஒரு லாரி டியூபைச் சுருட்டி மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டிருந்தார். நீச்சல் தெரியாது, அதனால் இது என்று எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். பெரியபாளையத்தில் இட்லி சாப்பிட்டோம். எட்டரை மணிக்கு மலையடியில் ஒரு சிறு கிராமத்தில் வேன் நின்றது.

அங்கிருந்து ஓடை மலையை விட்டு வெளியே வரும் இடம் வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் சமதரை. மணல் பாதை. எனக்கு அன்றைக்கு மிகக் கஷ்டமான பகுதி அதுதான். மணலில் கால் புதையும்போது தொடையை அழுத்தி அழுத்தி இடுப்பு விட்டுப்போயிற்று. முன்னால் போனவர்கள் நின்று நின்று எனக்காகக் காத்திருந்தார்கள். நான் வந்து சேர்ந்ததும் புறப்படுவார்கள். அதனால் அவர்களுக்கு ஓய்வு கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு பையன், பையைக் கொடுங்கள் சார் என்றான். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் கொடுத்துவிட்டேன். கொடுத்ததும் பாரம் குறைந்தது, மனசு கனத்தது. வந்திருக்கக் கூடாதோ என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது. பாய் என் பக்கத்திலேயே நடந்தார்.

ஒரு பெரிய மருத மரத்தடியில் பாதை இடது பக்கம் திரும்பி மலைமேல் ஏறியது. எல்லாரும் போகிற பாதை அது. நாங்கள் அதை விட்டுவிட்டு நேராக ஓடைக்குள் இறங்கினோம். பத்தடி போவதற்குள் வெளிச்சம் மாறிவிட்டது. இரண்டு கரையிலிருந்தும் மரங்கள் தலைக்கு மேல் கைகோத்திருந்தன. கொடிகள் கை தடிமனுக்குத் தொங்கின. தண்ணீர் கணுக்கால் அளவு, பல் கூசுகிற குளிர்ச்சி. முன்னால் பாறைகள். யானைக்குட்டி அளவில், ஆட்டோ அளவில், சில ஒரு சின்ன வீட்டு அளவில். ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. அவற்றுக்கு இடையில் தண்ணீர் எங்கேயோ ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அங்கேதான் எல்லாம் மாறியது.

பாறையில் யாரும் நடக்க முடியாது. கையை ஊன்றி, வயிற்றால் ஏறி, உட்கார்ந்து சறுக்கி, மறுபடி கையால் பற்றித்தான் போக வேண்டும். சின்ன வயதிலிருந்து நான் செய்துவந்தது அதைத்தான். கட்டிலில் ஏற, பஸ்ஸில் ஏற, மாடிப்படி ஏற, எல்லாவற்றுக்கும் என் கைதான் கால். இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவில் உடம்பைத் தூக்கி வீசுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. முதல் பெரிய பாறையில் மேல் விளிம்பைப் பிடித்து ஓர் இழுப்பில் மேலே போய் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால், ஜிம்முக்குப் போகிற உடம்புள்ள ஒருவன் கீழே எங்கே கால் வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தான். இதோ இந்தப் பக்கம் ஒரு பிடி இருக்கிறது என்று காட்டினேன். பிடித்து ஏறினான்.

நார்க் கயிறு பாசியில் ஒட்டியது. மற்றவர்கள் விலை உயர்ந்த ஷூக்களோடு வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். அரை மணியில் இரண்டு பேர் என் பின்னால் வந்து, நான் கை வைத்த இடங்களிலேயே கை வைத்து ஏற ஆரம்பித்தார்கள். எனக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. என் பின்னால் ஆட்கள் வருவது எனக்குப் புதிது.

முதல் குளத்துக்கு நான்காவது ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். பச்சைத் தண்ணீர், அடியில் கூழாங்கல் எண்ணலாம் போல இருந்தது. காலை விட்டதும் குட்டி மீன்கள் வந்து கொத்தின. என் சூம்பிய காலைத்தான் அவற்றுக்கு அதிகம் பிடித்தது. பாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, முகம் கழுவிவிட்டு, கேளம்பாக்கத்துப் பெண்ணிடம் மரியாதையாகக் கேட்டார். நாங்க ரெண்டு பேரும் இங்கதானே நிற்கணும், அப்படித்தானே பேச்சு?

அந்தப் பெண் தன் ஷூவிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "அப்படியா? யாரு சொன்னது?" என்றார். ஷூவை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்கு மேல் ஓடையை மரங்கள் அடைத்துக்கொண்டு கிடந்தன. அந்த வருஷ மழையில் ஒரு சரிவு இடிந்து மண்ணும் மரமுமாக விழுந்திருந்தது. ஓடையை விட்டு வலது கரைக் காட்டுக்குள் ஏறிச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. அந்த நூறு கெஜத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஈச்சம் புதரும் மூங்கிலும் பின்னிக் கிடந்தன. குனிந்தால் முதுகில் முள், நிமிர்ந்தால் முகத்தில் முள். வானமும் தெரியவில்லை, ஓடையும் தெரியவில்லை. ஒரு புற்றுப் பக்கத்தில் கரடி தோண்டிய குழியைப் பார்த்து எல்லாரும் சத்தமாகப் பேசிக்கொண்டே போனோம். அங்கே நான் மறுபடி கடைசி ஆள். சரிவில் பக்கவாட்டில் நடப்பது குட்டைக் காலுக்கு வதை. கடைசியில் நிற்பதை விட்டுவிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே, மரங்களைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். பேன்ட் பின்பக்கம் கிழிந்தது. பாய் தன் லுங்கியைக் கழற்றி என் இடுப்பில் சுற்றிவிட்டார். அவர் அடியில் கால்சட்டை போட்டிருந்தார்.

நடுவில் திசை குழம்பியது. மேலே ஏறிவிட்டோம், இறங்க வேண்டும் என்றார் ஒருவர். இன்னும் ஏற வேண்டும் என்றார் இன்னொருவர். கேளம்பாக்கத்துப் பெண் வரைபடத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வரைந்த வரைபடம். நான் அதைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. இடிந்த இடத்துக்கு மேலே ஓடை வலப்பக்கம், எங்களை நோக்கி, வளையும் என்று என் விரலுக்குத் தெரியும். நின்ற உயரத்திலேயே நேராகப் போனால் ஓடையே நம்மிடம் வந்துவிடும் என்றேன். போனோம். கால் மணி நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு அந்த இடத்துக்கு வந்தோம்.

நான்கு தடவை அழித்து வரைந்த இடம். இரண்டு பக்கமும் ஐந்து மாடி உயரத்துக்குக் கறுப்புப் பாறை. நடுவில் பதினைந்து அடி அகலத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்து முழுக்கத் தண்ணீர், நூறு அடி நீளத்துக்கு. உச்சி வெயில் நேரம், ஆனாலும் தண்ணீர் மேல் ஒரு கீற்றுதான் விழுந்தது. அந்தக் கடைசியில் இரண்டு ஆள் உயரத்துக்கு அருவி. அதன் சத்தம் சுவர்களில் மோதி மோதிப் பெரிதாகி வந்தது. காகிதத்தில் ஒரு நகக்கீறல் அளவு இருந்தது இது.

முதலில் கேளம்பாக்கத்துப் பெண்ணே நீந்திப் போனார். அருவிக்குப் பக்கத்தில் பாறையைப் பிடித்தார், உந்தினார், விழுந்தார். மூன்று முறை. இன்னும் இருவர் போய்ப் பார்த்தார்கள். அதே கதைதான். நீருக்குள் பாறை உள்வாங்கி இருந்தது. கால் வைக்கத் தேடினால் காலும் உள்ளே போய், உடம்பு மல்லாந்துவிடும். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்தப் பெண்ணின் உதடு நீலமாக இருந்தது. போகலாமா என்று யாரோ கேட்டார்கள். அவர் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். பம்மல் பக்கத்தில் கல் வெட்டி முடித்துவிட்டுப் போன குவாரிகளில் மழைத் தண்ணீர் நிற்கும். எங்கள் தெருப் பையன்கள் என்னை சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிப்போவார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் தோல் உரியும். வருஷத்துக்கு ஒருவராவது செத்துப்போகிற இடம். ஆனால் தண்ணீருக்குள் போய்விட்டால் யார் கால் எப்படி என்று யாருக்கும் தெரியாது. குவாரிக்குப் படி கிடையாது. வெட்டிய பாறையைப் பிடித்துத்தான் வெளியே வர வேண்டும். நான் அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன், கால் வைக்காமல்.

"நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்றேன்.

இந்தத் தடவை அவர் என் காலைப் பார்க்கவில்லை. கயிற்றை எடுத்து என் இடுப்பில் தானே கட்டினார். நீங்கள் கயிற்றை இழுத்துக் காட்டினால் நாங்கள் இழுத்துக்கொள்வோம் என்றார். மறுமுனை பாய் கையில். அவர் அதை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். குளிரில் ஒரு நிமிஷம் மூச்சே வரவில்லை. பிறகு பழகியது. சந்துக்குள் போகப் போக வெளிச்சம் குறைந்து, அருவிச் சத்தத்தில் காது அடைத்தது. பாறையைத் தொட்டேன். எல்லாரும் பிடித்த விளிம்பையே பிடித்து இழுத்தேன். பாசி. வழுக்கி முதுகில் விழுந்தேன். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் இருட்டியது. இடுப்பில் கயிறு இறுகியது. பாய் இழுக்கப் பார்க்கிறார். கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினேன்.

மறுபடி பிடித்து, இந்தத் தடவை ஏற முயற்சி செய்யாமல், சும்மா தொங்கினேன். தொங்கிக்கொண்டே இடது கையால் பாறையைத் தடவிக்கொண்டு போனேன். அருவி கொட்டும் இடத்துக்கு உள்ளே, தண்ணீர்த் திரைக்குப் பின்னால், பாறையில் ஒரு வெடிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கையை உள்ளே விட்டேன், மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. உள்ளே முஷ்டியை மடக்கினேன். கை பூட்டிக்கொண்டது.

அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு முழு மூச்சு எடுத்துக்கொண்டு இழுத்தேன். தலையில் அருவி அடித்தது. தோள் பிய்ந்துவிடும் போல இருந்தது. ஆனால் உடம்பு மேலே வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் தண்ணீரிலிருந்து தூக்க முடியாமல் பாரமாக இருந்தது அவர்கள் கால். நல்ல சதைப்பிடிப்பான, மலை ஏறிப் பழகிய கால். என் காலில் ஒன்றுக்கு எடையே இல்லை. வலது கையை வெடிப்பில் இன்னும் மேலே விட்டுப் பூட்டினேன். இடது, வலது, இடது. பிறகு நெஞ்சு ஒரு தட்டைப் பாறையின்மேல் இருந்தது, கன்னத்தில் வெயில் பட்டது.

எவ்வளவு நேரம் அப்படியே கவிழ்ந்து கிடந்தேன் என்று தெரியாது. எழுந்து உட்கார்ந்து கீழே பார்த்தேன். சந்தின் அந்த முனையில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். கையைத் தூக்கிக் காட்டினேன். அருவிச் சத்தத்தில் அவர்கள் கத்துவது கேட்கவில்லை, வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. பாய் கயிற்றை இன்னும் விடாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

பாறைப் பிளவில் வேர் விட்டிருந்த ஓர் அத்தி மரம் இருந்தது. வேர் என் தொடை தடிமன். என் வலது தொடை தடிமன். கயிற்றை அதில் கட்டி, முழு எடையையும் கொடுத்துச் சோதித்துப் பார்த்தேன். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கயிற்றைப் பிடித்து நீந்தி, அருவிக்குப் பக்கத்தில் கயிற்றாலேயே பாதி ஏறியதும் என் கையைப் பிடித்தார்கள். நான் தூக்கினேன். முதலில் கேளம்பாக்கத்துப் பெண். மேலே வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் துடைத்தது அருவித் தண்ணீரை மட்டுமல்ல என்று. "மூணு வருஷம் சார்" என்றார். எழுந்து நின்று, அடுத்த ஆளைத் தூக்க எனக்குக் கை கொடுத்தார்.

கடைசியில் பாய். ஊதிய லாரி டியூபுக்குள் உட்கார்ந்து, என் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் கயிற்றை இழுத்தோம். அருவி தலையில் விழுந்ததும் கண்ணைத் திறந்தார். மூன்று பேர் சேர்ந்துதான் அவரைத் தூக்க முடிந்தது. மேலே வந்து நின்று, தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"மச்சான், என்னையே கொண்டாந்து சேர்த்துட்டியே" என்றார்.

அதற்கு மேல் இருந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிச் சொல்வது? ஓடை அகன்று, படிப்படியாகப் பாறைத் தட்டுகளில் இறங்கி வந்தது. ஒரு பிளாஸ்டிக் உறை இல்லை, பாறையில் எழுதிய ஒரு பெயர் இல்லை, அணைந்த அடுப்புக் கல் இல்லை. எங்களுக்கு முன்னால் யாரும் வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன்; ஆடு மாடு தேடி யாராவது வந்திருப்பார்கள். ஆனால் வந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. கடைசியில் மலை முழுக்க வளைந்து நின்ற ஒரு பாறைச் சுவர், அதன் உச்சியிலிருந்து வெள்ளைத் துணி மாதிரி ஓர் அருவி. அடியில் வட்டமான குளம். வெயில் முழுசாக விழுந்து, அடி ஆழம் வரைக்கும் பச்சையாக எரிந்தது. ஓடை அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு மேல் போக இடமில்லை.

அங்கே உட்கார்ந்து நனைந்துபோன சப்பாத்தியையும், பாய் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய முட்டையையும் சாப்பிட்டோம். நான் குளத்துக்குள் போய் மல்லாந்து மிதந்தேன். அருவித் தூறல் முகத்தில் விழுந்தது. என் வாழ்நாளில் பெரிய சந்தோஷங்கள் இருந்திருக்கின்றன. கல்யாணம் ஒன்று, மகள் பிறந்தது ஒன்று. ஆனால் அவையெல்லாம் எனக்குக் கிடைத்தவை. இது நான் கையால் பிடித்து இழுத்து எடுத்தது.

மூன்று மணிக்குத் திரும்பினோம். வெளிச்சம் போவதற்குள் காட்டை விட்டு வெளியே வர வேண்டும். மடுவில் எல்லாரும் கயிற்றைப் பிடித்து இறங்கிப் போனார்கள். ஆனால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வர ஒருவர் மேலே இருந்தாக வேண்டும். யார் என்ற கேள்வியே வரவில்லை. எல்லாரும் போனபின் அத்தி வேரிலிருந்து முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டேன். அந்த இடத்தில் அப்போது நானும் அருவியும் மட்டும். விளிம்பில் உட்கார்ந்து, கையால் உந்தி, குதித்தேன். விழுந்துகொண்டே இருந்தது போல இருந்தது. தண்ணீர் என்னை வாங்கி ஆழத்துக்குக் கொண்டுபோய், அடியைத் தொட விடாமல், திருப்பி மேலே அனுப்பியது.

வீடு வந்து சேர்ந்தபோது என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். இடுப்பில் லுங்கி, முழங்கை முழுக்கச் சிராய்ப்பு, விரலில் இரண்டு நகம் இல்லை. முகத்தைப் பார்த்தாள். வெந்நீர் போட்டு, முதுகில் தைத்திருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்க எடுக்க நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு முள்ளுக்கு ஒரு இடம் என்று முழுக்கக் கேட்டாள். அடுத்த இரண்டு நாள் என்னால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. கடைக்கு லீவு சொன்னேன், காய்ச்சல் என்று. அந்தப் பொய்யில் எனக்கு வருத்தமே இல்லை.

பிறகு அந்தப் பெண் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போன் செய்வார். ஓடை வழிப் பயணமாக இருந்தால் மட்டும். சமதரை அதிகம் என்றால் நானே வரவில்லை என்றுவிடுவேன். கயிறு கொண்டுபோகும் வேலை என்னுடையது என்று ஆகிவிட்டது. பாதை இல்லாத மலை ஓடைகள் ஏழெட்டு பார்த்துவிட்டேன். ஆனால் அந்த மடுவுக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

பாய் அதற்குப் பிறகு எந்த மலைக்கும் வரவில்லை. ஒரு தடவை போதும் என்றார். ஆனால் மேற்குத் தாம்பரத்தில் அவர் பட்டறைக்குக் கேட் சொல்ல வருகிறவர்கள் யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் போனதில்லை. அவர் சொல்லும்போது மடு மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போனது. கடைசியாக நான் கேட்டபோது முந்நூறு அடி. அருவி அரச மர உயரம். கரடி நேரிலேயே வந்து நின்றுவிட்டுப் போயிருந்தது. டியூபைப் பற்றிப் பேச்சே இல்லை. மடுவை அவர் நீந்தித்தான் தாண்டியிருந்தார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு கேட்டேன். கேட் சொல்ல வந்திருந்தவர் என் பக்கம் திரும்பி, அப்படியா சார், நீங்களும் கூட இருந்தீர்களா என்றார். ஆமாம், அவர் சொல்வதெல்லாம் உண்மைதான் என்றேன்.